கடலுக்கு நான் போட்ட மார்க்

இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலை இருப்பவர்கள் இராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு படியுங்கள். வகுப்பில் எவ்வளவு பேசினாலும் மணி அடித்தால் நிறுத்திவிடுவேன். இங்கே மணி அடிக்க ஆள் இல்லை.

போன மாதம் நான் வரைந்த நான்கு ஆயில் பெயிண்டிங்குகளைப் போட்டோ எடுத்து இங்கே போட்டிருந்தேன். நான்கும் கடல். நிறையப் பேர் "சூப்பர் டீச்சர்" என்று எழுதியிருந்தீர்கள், கைதட்டும் பொம்மையெல்லாம் போட்டிருந்தீர்கள், நன்றி. ஆனால் மூன்று பேர் மட்டும் படத்தை உண்மையாகவே பார்த்திருக்கிறார்கள் என்று அவர்கள் கேட்ட கேள்வியிலேயே தெரிந்தது.

முதல் ஆள் என் நாத்தனார். போனிலேயே கூப்பிட்டுவிட்டாள். "அண்ணி, படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா ஹால்ல மாட்டிடாதீங்க. கவுர்ற படகு வீட்ல இருந்தா ஆகாது."

இரண்டாவது, என் மைத்துனர் மகன். "காஞ்சிபுரத்துல உக்காந்துக்கிட்டு கோபுரம் வரையாம கடல் வரையறீங்களே பெரியம்மா, நமக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்?"

மூன்றாவது, 1990-களில் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பெண். இன்று அவளுக்கே கல்லூரி போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். "டீச்சர், கடல்னா நீலம்னுதானே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தீங்க? உங்க கடல்ல நீலத்தையே காணோமே!" என்று எழுதி, பக்கத்தில் கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கும் பொம்மை போட்டிருந்தாள். அவள் விளையாட்டுக்குத்தான் கேட்டாள். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் எழுதத்தான் இவ்வளவும். முதல் இரண்டு கேள்விகளையும் முடித்துவிட்டு அதற்கு வருகிறேன்.

நாத்தனாருக்கு: படகு கவிழவில்லை. உற்றுப் பார், அது கரைக்குத் திரும்பி வருகிறது. இருந்தாலும் உன் பேச்சை மீறவில்லை. மொட்டை மாடிக்குப் போகிற படிக்கட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன். வாஸ்து பார்க்கிறவர்கள் யாரும் அங்கே ஏறுவதில்லை.

மைத்துனர் மகனுக்கு: கோபுரத்தில்தான் தம்பி ஆரம்பித்தேன். 2017-இல் பணி ஓய்வு பெற்ற பிறகு மூன்று வருடம் கோயில், குளம், கல்யாணம் என்று ஓடிவிட்டது. 2020-இல் எல்லோரையும் போல நாங்களும் வீட்டுக்குள் அடைந்தோம். பேரனுக்கு என்று மகள் எப்போதோ வாங்கி, அவன் பிரிக்கவே பிரிக்காத கேமல் ஆயில் கலர் பெட்டி ஒன்று பரணில் இருந்தது. பன்னிரண்டு ட்யூப். வீணாகப் போகிறதே என்ற ஒரே காரணத்துக்காகத்தான் எடுத்தேன். ஏகாம்பரநாதர் ராஜகோபுரத்தை வரையலாம் என்று உட்கார்ந்து பதினைந்து நாள் மல்லுக்கட்டினேன். ஒவ்வொரு நிலையும் ஒரு பக்கம் சாய்ந்தது. கண்ணாடிக்குப் பவர் ஏறியதுதான் மிச்சம். கடைசியில் கோபத்தில் டர்பன்டைனில் பழைய துணியை நனைத்து மொத்தக் கோபுரத்தையும் துடைத்துவிட்டேன்.

துடைத்த பிறகு கேன்வாஸில் அழுக்குச் சாம்பல் நிறம் ஒன்று நின்றது. கீழே கருப்பாக, மேலே வெளுப்பாக, நடுவில் துணி இழுத்த வாக்கில் ஒரு வெளிச்சக் கோடு. வீட்டுக்காரர் அந்தப் பக்கமாகக் காபி டம்ளரோடு வந்தவர், "பரவால்லையே, கடல் நல்லா வந்திருக்கே" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் ரசித்துச் சொல்லவில்லை, அப்படித்தான் தெரிந்திருக்கிறது. நானும் தள்ளி நின்று பார்த்தேன். மழைக்கு முந்தின கடல். அன்றைக்குப் பிடித்தது, இன்னும் விடவில்லை.

சம்பந்தம் இல்லை என்று சொன்னாயே, அதையும் கேள். சங்க காலத்தில் நம் காஞ்சியை ஆண்டவன் பெயர் தொண்டைமான் இளந்திரையன். பத்துப்பாட்டில் பெரும்பாணாற்றுப்படைக்கு அவன்தான் தலைவன். பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார், பட்டினப்பாலை பாடிய அதே புலவர். திரை என்றால் அலை. நாககன்னிகை பெற்ற குழந்தைக்குத் தொண்டைக் கொடியை அடையாளமாகக் கட்டிக் கடலில் விட, அதை அலை கொண்டுவந்து கரை சேர்த்தது என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் ஒரு கதை சொல்கிறார். அதே பாட்டில் நீர்ப்பெயற்று என்ற துறைமுகம் வருகிறது, இரவில் கப்பலுக்கு வழிகாட்ட விளக்கு எரிகிற உயரமான மாடம் வருகிறது. ஆக நம்மூர் ராஜாவே அலையில் வந்தவன் தம்பி. மாமல்லபுரம் இங்கிருந்து சுமார் 65 கிலோமீட்டர்தான்.

"ஏன் பாட்டி எல்லாக் கடலும் சோகமா இருக்கு? ஒரு பீச் பந்தாவது போடேன்" என்று பேத்தி கேட்டாள். அவளுக்கு நான் ஐந்திணை சொல்லிக் கொடுத்தேன். கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல். அதற்குரிய சிறுபொழுது எற்பாடு, அதாவது சூரியன் சாய்கிற நேரம். உரிப்பொருள் இரங்கல். கடலுக்குப் போன ஆள் திரும்பி வருகிறானா என்று கரையில் நிற்கிறவளின் மனசு. கடற்கரை என்றால் என்ன நேரம், என்ன உணர்ச்சி என்று நம் முன்னோர் எப்போதோ தீர்மானம் செய்து வைத்துவிட்டார்கள். அவள் அதை 'மூட்' என்கிறாள். நான் திணை என்கிறேன். பந்து மட்டும் போடவில்லை.

முட்டி வலியோடு மாமல்லபுரத்துக்கு அடிக்கடி போக முடியாது. அதனால் என் கடல் எல்லாம் மனசில் இருந்து வருவதுதான். பார்க்காமல் வரைவது தப்பில்லையா என்று எனக்கும் ஒரு உறுத்தல் இருந்தது. முப்பது வருடம் "பார்த்து எழுது, பார்த்து வரை" என்று சொல்லிக் கொடுத்த வாய் அல்லவா? அப்புறம்தான் ஐவஸோவ்ஸ்கி என்ற ரஷ்ய ஓவியரைப் பற்றிப் படித்தேன். கருங்கடல் கரையில் ஃபியோடோசியா என்ற ஊர்க்காரர். வாழ்நாளில் சுமார் ஆறாயிரம் படங்கள் வரைந்தார், பெரும்பாலும் கடல். 1850-இல் அவர் வரைந்த 'ஒன்பதாம் அலை' மூன்று மீட்டருக்கு மேல் அகலம். உடைந்த பாய்மரத்தைப் பிடித்துக்கொண்டு சிலர் மிதக்கிறார்கள், எதிரே மலை மாதிரி அலை, பின்னால் விடிகிற வெளிச்சம். இவ்வளவையும் கடலைப் பார்த்துக்கொண்டு வரையவில்லை. அறைக்குள் உட்கார்ந்து ஞாபகத்தில் இருந்துதான் வரைந்தார். அலை உங்களுக்காக நிற்காது, நின்றால் அது அலையும் இல்லை.

நம் பக்கத்துக் கதையும் ஒன்று இருக்கிறது. வில்லியம் டேனியல் என்ற ஆங்கிலேயர், சித்தப்பா தாமஸோடு இந்தியா முழுக்கச் சுற்றிப் படம் வரைந்துவிட்டு 1794-இல் ஊர் போய்ச் சேர்ந்தார். மாமல்லபுரத்தையும் இவர்கள் வரைந்திருக்கிறார்கள். ஏறக்குறைய நாற்பது வருடம் கழித்து, 1833-இல், அங்கே இருந்துகொண்டு அவர் சென்னைக் கடலை ஆயிலில் வரைந்தார். புனித ஜார்ஜ் கோட்டைக்கு எதிரே ஒரு சூறைக்காற்று கடந்து போகிற நேரம். அந்தக் காலத்தில் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும். ஆணி அடிக்காமல் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்த மசூலாப் படகில்தான் ஜனங்கள் அலையைத் தாண்டிக் கரைக்கு வரவேண்டும். இளம் வயதில் பார்த்த கடல் நாற்பது வருடம் அந்த மனிதனுக்குள் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. அந்தப் படத்தை டேப்லெட்டில் பெரிதாக்கிப் பார்த்த அன்று என் உறுத்தல் பாதி போனது.

மீதிப் பாதியைச் சர்வதீர்த்தக் குளம் பார்த்துக்கொண்டது. ஆடிக் காற்று அடிக்கிற சாயங்காலங்களில் படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொள்வேன். காற்று குளத்தைத் தொடுகிற இடம் கருக்கும், தொடாத இடம் வெள்ளியாக நிற்கும். அந்தக் கருப்பு நகர்ந்துகொண்டே போவதை ஒரு மணி நேரம் பார்த்தால் ஒரு படத்துக்கு ஆகும். குளம்தானே என்று நினைக்காதீர்கள். தண்ணீருக்கு இருக்கும் குணம் ஒன்றுதான், அளவுதான் வேறு.

ஆயில் கலர் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் சொல்லப் போவது புரியாது.

வாட்டர் கலர் தண்ணீர் வற்றினால் காய்ந்துவிடும். ஆயில் கலர் அப்படி இல்லை. ஆளிவிதை எண்ணெயில் குழைத்த நிறம் அது. எண்ணெய் ஆவியாகப் போவதில்லை, காற்றில் உள்ள ஆக்சிஜனைப் பிடித்து மெல்ல மெல்ல இறுகுகிறது. தொட்டால் ஒட்டாமல் இருக்கவே சில நாளிலிருந்து சில வாரம் வரை ஆகும். அம்பர் மாதிரி மண் நிறங்கள் சீக்கிரம் காயும், டைட்டானியம் வெள்ளை தாமதிக்கும். வார்னிஷ் அடிக்க வேண்டுமென்றால் ஆறு மாதம், ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். அதுவரை கொசுவலையைப் போட்டு மூடி வைக்கிறேன். நம் வீட்டுக் கொசு கடலில் விழுந்து சாகப் பிரியப்படுகிறது.

அடியில் போடுகிற பூச்சு எண்ணெய் குறைவாக, டர்பன்டைன் விட்டு நீர்க்க இருக்க வேண்டும். மேலே போகப் போக எண்ணெய் கூட வேண்டும். இதை மாற்றிச் செய்தால் மேல் பூச்சு முதலில் காய்ந்துவிடும், அடியில் இருப்பது பிறகு சாவகாசமாகக் காய்ந்து அசைந்து, மேலே இருப்பதைப் பிளக்கும். இது எனக்குத் தெரியாது. என் மூன்றாவது கடல் ஏரி வற்றின மாதிரி வெடித்துப் போயிற்று. சித்திரை மாதத்து ஏரி. வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "கடல் தூர்ந்துபோச்சு போல" என்றார்.

(இன்னொன்று, ஆயில் கலர் பழகுகிற பிள்ளைகளுக்கு: எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது இறுகும்போது சூடு உண்டாகும், சுருட்டிக் கிடந்தால் தானாகவே தீப்பிடிக்கவும் செய்யும். நான் கொடியில் விரித்துக் காயப் போடுகிறேன்.)

கருப்பு ட்யூபை நான் தொடுவதே இல்லை. அல்ட்ராமரின் நீலத்தையும் பர்ன்ட் அம்பரையும் சேர்த்தால் வருகிற கருப்புதான் கடல் கருப்பு. உள்ளே உயிர் இருக்கும். நுரைக்கும் சுத்த வெள்ளை கூடாது, சாம்பலும் துளி மஞ்சளும் சேர்க்க வேண்டும். வெள்ளையை அள்ளிப் பூசி நான் ஒருமுறை வரைந்ததைப் பார்த்து வீட்டுக்காரர் "சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு" என்றார். எனக்குக் கோபமே வரவில்லை. 1842-இல் டர்னர் என்ற பெரிய ஓவியர் பனிப்புயலில் சிக்கிய நீராவிக் கப்பலை வரைந்தபோது, சோப்பு நுரையும் சுண்ணாம்பும் என்று அவரையே கேலி செய்தார்களாம். அந்த வரிசையில் எனக்கும் ஒரு இடம்.

சரி. இனி மூன்றாவது கேள்வி.

1995-96. ஐந்தாம் வகுப்பு. அன்றைக்கு என் வகுப்பில் பாதிக்கு மேல் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். கோர்வைப் புடவை எப்படி நெய்வார்கள் என்று இந்த ஊரில் பிறந்த உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வெளியூரில் வளர்கிற உங்கள் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். கரைக்கு வேறு நிறம், உடலுக்கு வேறு நிறம். ஒவ்வொன்றுக்கும் தனி நாடா. தறியில் உட்கார்ந்தவருக்கு இரண்டு கைதானே? எதிர்ப்பக்கத்துக் கரை நாடாவைத் தள்ளிக் கொடுக்க இன்னொரு ஆள் வேண்டும். அந்தக் காலத்தில் அந்த ஆள் பெரும்பாலும் வீட்டில் இருக்கிற சின்னப் பிள்ளைதான். நாங்கள் தெருத்தெருவாகப் போய்ப் பெற்றோரிடம் கெஞ்சிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்து வந்த காலம் அது. வருவார்கள், மதியச் சாப்பாடு முடிந்ததும் காணாமல் போவார்கள்.

அப்படி அரை நாள் வருகிற ஒரு பையன் இருந்தான். பெயர் எழுதவில்லை. அவனோடு படித்தவர்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும்.

அந்த ஜனவரியில் பிள்ளைகளை மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா கூட்டிப் போனோம். அவன் வரவில்லை. வீட்டில் ஒரு முகூர்த்தப் புடவை தறியில் நின்றது. திரும்பி வந்ததும் ஓவிய வகுப்பில் "கடல் வரையுங்கள்" என்றேன். எல்லோரும் வரைந்தார்கள். எப்படி வரைவது என்று கரும்பலகையில் போட்டுக் காட்டியவளும் நான்தானே. எனக்கு ஆசிரியர் பயிற்சியில் கரும்பலகைப் பயிற்சி என்று ஒன்று உண்டு. இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு வீடு, ஒரு தென்னை. கடல் என்றால் ஒரு கோடு, கீழே நீலம், மூன்று வளைவு அலை, ஒரு பாய்மரம். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு நிமிடத்தில் போடுவேன். நாற்பது பிள்ளைகளும் அதையே போட்டார்கள். மார்க் போடுவதற்கும் சுலபம்.

இவன் கொண்டுவந்த தாளில் நீலமே இல்லை. க்ரேயானால் தாள் முழுக்க அரக்கு நிறத்தில் மேலும் கீழும் கோடு இழுத்து, அதன் மேல் பச்சையில் குறுக்கே குறுக்கே தேய்த்திருந்தான். அங்கங்கே அரக்கு எட்டிப் பார்த்தது. படகும் இல்லை, சூரியனும் இல்லை.

"என்னடா இது?"

"கடல் டீச்சர்."

"கடல் இந்தக் கலர்லயா இருக்கும்? நீ கடலப் பாத்திருக்கியா?"

"இல்ல டீச்சர்."

"அப்புறம்?"

"பாவு அரக்கு டீச்சர். ஊடை பச்சை. அசைச்சா ரெண்டும் மாறி மாறித் தெரியும். கடல் அசைஞ்சுக்கிட்டே இருக்கும்னு நீங்கதான சொன்னீங்க."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு சிவப்பு மையில் 'கடலின் நிறம் நீலம்' என்று எழுதி, பத்துக்கு இரண்டு மார்க் போட்டு, சரியாக மூன்று தடவை வரைந்துகொண்டு வா என்று அனுப்பினேன். மறுநாள் கொண்டுவந்தான். மூன்று தாள், மூன்றும் அச்சில் அடித்த மாதிரி. ஒரு கோடு, கீழே நீலம், மூன்று வளைவு அலை, ஒரு பாய்மரம். பத்துக்கு ஒன்பது போட்டேன்.

அதற்குப் பிறகு அந்த வருடம் முழுக்க, இலை வரையச் சொன்னாலும் பூனை வரையச் சொன்னாலும், க்ரேயானைக் கையில் வைத்துக்கொண்டு "என்ன கலர் டீச்சர்?" என்று கேட்டுவிட்டுத்தான் தொடுவான். பையன் ஒழுங்குக்கு வந்துவிட்டான் என்று நான் சந்தோஷப்பட்டேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

என் பக்கம் ஒரு நியாயமும் வைத்திருந்தேன். அறிவியல் பாடத்தில் சர் சி.வி. ராமன் கதை சொல்லுவேன், ஞாபகம் இருக்கிறதா? 1921-இல் அவர் கப்பலில் ஊர் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்து, இது வெறும் வானத்தின் பிரதிபலிப்பு இல்லை, தண்ணீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று கண்டுபிடித்தார். ஆகவே கடல் நீலம், அறிவியலே சொல்லிவிட்டது. ராமன் மேல் தப்பில்லை. அவர் ஆழ்கடலைச் சொன்னார். நாங்கள் சுற்றுலா போன அன்றைக்கு மாமல்லபுரத்தில் வானம் மூடிக் கிடந்தது. கடல் கரையோரம் கலங்கிய பழுப்பு, அதைத் தாண்டிப் பாசிப் பச்சை, தொடுவானத்துக்குப் பக்கத்தில் ஈயம். என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். பார்த்துவிட்டு வந்துதான் கரும்பலகையில் நீலச் சாக்பீஸை எடுத்தேன்.

பையன் ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போனான். எட்டோடு நின்றுவிட்டான் என்று யாரோ சொன்னார்கள். தறிக்குத்தான் போயிருப்பான். எனக்கும் மறந்துவிட்டது. அதுதான் உண்மை, இருபத்தைந்து வருடம் அவனை நான் ஒரு நாள்கூட நினைக்கவில்லை.

2021-இல் என் ஆறாவது கடலோ ஏழாவதோ வரைந்துகொண்டிருந்தேன். நீலம் எத்தனை பூசினாலும் தட்டையாகவே இருந்தது, கட்டில் மேல் போர்வை விரித்த மாதிரி. பிரஷ்யன் நீலம், அல்ட்ராமரின், செருலியன் என்று எல்லா நீலமும் பார்த்தாயிற்று. அலை எழும்பவே இல்லை. ஒரு வீடியோவில், கடல் வரைவதற்கு முன்னால் கேன்வாஸ் முழுக்கச் செங்காவி மாதிரி ஒரு நிறத்தை நீர்க்கப் பூசிக் காயவிட்டார் ஒருவர். பர்ன்ட் சியன்னா. என்னிடம் அது இருந்தது. கூடக் கொஞ்சம் சிவப்பும் சேர்த்து அடியில் பூசினேன், அரக்காக வந்தது. ஐந்து நாள் காயவிட்டேன். ஆறாம் நாள் மேலே கரும்பச்சையை, கனமாக இல்லாமல், உலர்ந்த பிரஷ்ஷால் குறுக்கே இழுத்தேன். பிரஷ் தொடாமல் தாண்டிய இடத்தில் எல்லாம் அடியில் இருந்த அரக்கு எட்டிப் பார்த்தது. தள்ளிப் போய் நின்று பார்த்தால் கடல் அசைகிறது. நான் தலையை இந்தப் பக்கம் சாய்த்தால் ஒரு நிறம், அந்தப் பக்கம் சாய்த்தால் ஒரு நிறம்.

பாவு அரக்கு. ஊடை பச்சை.

அந்தக் குரல் அப்படியே கேட்டது. உச்சரிப்பு உட்பட. படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு எழுந்து போய் அலமாரியைத் திறந்து என் கூரைப் புடவையை எடுத்தேன். 1983-இல் கட்டியது. ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு முனையைப் பிடித்து உதறினேன். அரக்கு, பச்சை, அரக்கு, பச்சை. அவன் சொன்ன அதே பாவு, அதே ஊடை. நான் அவனுக்கு இரண்டு மார்க் போட்ட அன்றைக்கும் இந்தப் புடவை இதே அலமாரியில்தான் இருந்தது. இந்த ஊரில் பிறந்து, இந்த ஊரில் வாழ்க்கைப்பட்டு, கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்த மனிதரோடு குடும்பம் நடத்தி, நிறத்துக்கு மேல் நிறம் ஓடினால் மூன்றாவதாக ஒன்று பிறக்கும் என்று எனக்குத் தெரியாதா? மயில் கழுத்து நிறம் எப்படி வருகிறது என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேனே. எம்.எஸ். அம்மாவுக்காக முத்து செட்டியார் நெய்த நீலத்துக்கு ஊர் உலகமே பெயர் வைத்துக் கொண்டாடுகிறதே. புடவை என்றால் தெரிகிறது. பத்து வயதுப் பையன் தாளில் அதைச் செய்தபோது மட்டும் தெரியவில்லை.

அவன் கடலைப் பார்க்காமலேயே, தனக்குத் தெரிந்த ஒரே அசைகிற பொருளில் இருந்து கடலைச் செய்துகொண்டு வந்திருக்கிறான். ஐவஸோவ்ஸ்கி ஞாபகத்தில் இருந்து வரைந்தார், டேனியல் நாற்பது வருடம் கழித்து வரைந்தார் என்று இப்போது நான் வியக்கிறேன். அவர்களுக்காவது பார்த்த கடல் ஒன்று இருந்தது.

பிரஷ்யன் நீலம் என்று சொன்னேனே, அதற்கு ஒரு கதை உண்டு. முந்நூறு வருடத்துக்கு முன்னால் பெர்லினில் ஒருவர் சிவப்புச் சாயம் காய்ச்சப் போய், கலந்த பொருளில் ஏதோ கோளாறாகி, நீலம் வந்து நின்றதாம். அவர் அதைக் கொட்டிவிட்டு 'சிவப்பு எங்கே, மூன்று தடவை திரும்பச் செய்' என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ட்யூபைப் பிதுக்கும்போதெல்லாம் தோன்றுகிறது.

அதற்குப் பிறகு நான் வரைகிற எல்லாக் கடலுக்கும் அடியில் அரக்குதான். நீங்கள் போட்டோவில் பார்த்த நான்கும் அப்படித்தான். ஒன்றில் ஆடி மாதத்து மேகம், ஒன்றில் படகு, ஒன்றில் கரையே இல்லாத நடுக்கடல், இன்னொன்றில் தூரத்தில் ஒரு விளக்கு. அது நீர்ப்பெயற்று மாடம் என்று எனக்கு மட்டும் தெரியும். நீலம் இல்லை என்று கேட்ட பெண்ணே, உன் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. நான் சொல்லிக் கொடுத்ததுதான் சரியில்லை.

இப்போது ஐந்தாவது ஒன்று வரைந்திருக்கிறேன். அதை இங்கே போடவில்லை, போடவும் மாட்டேன். அதில் படகு இல்லை, சூரியன் இல்லை, விளக்கும் இல்லை. அரக்கு மேலும் கீழுமாக, பச்சை குறுக்காக. அவன் தாளில் பார்த்ததை எனக்கு ஞாபகம் இருக்கிற மட்டும் வரைந்தேன். அவன் க்ரேயானில் செய்தது இதைவிட நன்றாக இருந்தது. அந்தத் தாளை நான் பத்திரப்படுத்தவில்லை. வருடக் கடைசியில் பழைய பேப்பரோடு போயிருக்கும்.

அவன் எங்கே இருக்கிறான் என்று விசாரித்தேன். தறியை விட்டுவிட்டு ஒரகடம் பக்கம் கம்பெனி வேலைக்குப் போனதாக ஒருவர் சொன்னார். பெங்களூர் போய்விட்டதாக இன்னொருவர் சொன்னார். அவனோடு படித்த உங்களில் யாருக்காவது தெரிந்தால் இந்தப் பதிவை அவனுக்குக் காட்டுங்கள். கீழே அவன் பெயரையோ நம்பரையோ எழுத வேண்டாம், அது அவன் விருப்பம். அவனுக்கு இது நினைவே இல்லாமல் இருக்கலாம். இருந்து, கோபமும் இருக்கலாம். இரண்டுக்கும் அவனுக்கு உரிமை உண்டு.

தம்பி, நீயே இதைப் படிக்க நேர்ந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. பிள்ளைகள் இருந்தால் கூட்டிக்கொண்டு வா. வீடு அதே தெருதான், வாசலில் இருந்த வேப்பமரம் மட்டும் இல்லை, வர்தா புயல் வந்த வருடம் விழுந்துவிட்டது. படம் கொசுவலைக்குள் மாடியில் இருக்கிறது. உன்னுடையதுதான், எடுத்துக்கொண்டு போ. பின்பக்கம் மார்க் போடுகிற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். நீ போடு, எவ்வளவு வேண்டுமானாலும்.

வார்னிஷ் அடிக்க இன்னும் மாசம் ஆகும், பச்சை இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறது. விரலால் தொட்டுப் பார்க்கக் கூடாது, இப்போதே சொல்லிவிட்டேன்.

அன்புடன்
உங்கள் டீச்சர்